ஐரோப்பாவில் ஆறு வாரம் டென்ட்: ஊரை எண்ணாதீர்கள், டென்ட் அடிக்கும் தடவையை எண்ணுங்கள்

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். லண்டன் பக்கம் இருக்கிற குடும்பம். பெண்ணுக்கு 11 வயது, பையனுக்கு 7. வேலை மாறுகிற இடைவெளியில் அப்பாவுக்கு ஆறு வாரம் கிடைத்திருக்கிறது. ஜூலை கடைசியில் பள்ளி விட்டதும் சொந்தக் காரில் டென்ட்டோடு கிளம்பி ஐரோப்பாவைச் சுற்றிவர ஆசை. திருச்சியிலிருந்து வரும் மாமியாரும் கூட வருகிறார். பாரிஸ், ஆம்ஸ்டர்டாம், பெர்லின், ப்ராக், வியன்னா, புடாபெஸ்ட், வெனிஸ், ரோம், நீஸ், பார்சிலோனா என்று 22 ஊர்களை வரைபடத்தில் குறித்துவைத்து, "இது சரிப்படுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

சரிப்படாது. காரணம் ஊர்கள் இல்லை, டென்ட்.

குடும்ப டென்ட் ஒன்றை அவிழ்த்து, முளை அடித்து, மெத்தைக்குக் காற்றடித்து, அடுப்பு வைத்து, முதல் காபி குடிக்க இரண்டரை மணி நேரம் ஆகும். பிரித்து, மடித்து, காரில் திணிக்க இன்னொரு இரண்டரை. இடையில் நான்கு மணி நேரம் ஓட்டினால் அந்த நாள் முடிந்தது. 22 ஊர் என்றால் 42 நாளில் 22 நாள் மூட்டை கட்டுவதிலேயே போகும். நாங்களும் முதல் வருஷம் அப்படித்தான் போனோம், பதினெட்டு நாளில் பதினொரு இடம். திரும்பி வந்ததும் பெரியவளிடம் எது பிடித்தது என்று கேட்டால், மழையால் மூன்று நாள் நகர முடியாமல் மாட்டிக்கொண்ட ஒரு சின்ன ஆற்றங்கரையைச் சொன்னாள். அங்கேதான் அவளுக்கு ஒரு சிநேகிதி கிடைத்திருந்தாள்.

அதிலிருந்து எங்கள் வீட்டுக் கணக்கு இதுதான்: ஆறு வாரத்துக்கு அதிகபட்சம் எட்டுத் தடவை டென்ட். ஓர் இடத்தில் குறைந்தது நான்கு இரவு. பெரிய நகரங்களை இதில் சேர்க்கக்கூடாது. பாரிஸுக்கும் ஆம்ஸ்டர்டாமுக்கும் லண்டனிலிருந்து நேரடி ரயிலே இருக்கிறது, ஒரு அரையாண்டு விடுமுறையில் போய்க்கொள்ளலாம். 34 டிகிரி வெயிலில் நகரத்துக்கு வெளியே டென்ட் அடித்து, தினமும் ஒரு மணி நேரம் பஸ்ஸில் போய் அருங்காட்சியக வரிசையில் நிற்பது யாருக்கும் சுகமில்லை. டென்ட்டுக்கு ஏரியும் மலையும்தான் பொருத்தம். ஆயிரம் மீட்டர் மேலே ஏறினால் சுமார் ஆறு டிகிரி குறையும். ஆகஸ்டில் அந்த ஆறு டிகிரிதான் தூக்கம்.

உங்கள் ஆறு வாரத்துக்கு நான் போட்டுத் தருகிற பாதை இது. பிரான்ஸின் கலே துறைமுகத்தில் இறங்கி நேராக லக்ஸம்பர்க், 4 இரவு. அங்கிருந்து ஜெர்மனியின் கருங்காட்டுப் பகுதி, டிட்டிசே அல்லது ஃப்ரைபர்க் பக்கம், 6 இரவு. பிறகு ஆஸ்திரியாவின் டிரோலில் ஓட்ஸ்டால் பள்ளத்தாக்கு, 6 இரவு. பிரென்னர் கணவாய் வழியாக இறங்கி இத்தாலியின் கார்டா ஏரி, 7 இரவு. ஸ்லோவேனியாவில் போஹிஞ் ஏரி, 6. மேலே ஏறி பவேரியாவின் பெர்க்டெஸ்காடன், 5. அங்கிருந்து ஜெர்மனியிலேயே மோசெல் ஆற்றுக்கு 650 கிலோமீட்டர். ஒரே நாளில் வேண்டாம், வழியில் ஓர் இரவு லாட்ஜில் அறை எடுங்கள். டென்ட்டைத் தொடாத இரவு எவ்வளவு இன்பமானது என்று அன்று தெரியும். மோசெல் கரையில் 4. கடைசியாக பெல்ஜியத்தில் ப்ரூஜ் பக்கம் 2 (நான்கு இரவுக் கணக்குக்கு இது மட்டும் விலக்கு), பிறகு கலே. மொத்தம் 41 இரவு, எட்டு முறை டென்ட்.

தூரம் சுமாராக 3,100 கிலோமீட்டர். அங்கங்கே சுற்றுவதையும் சேர்த்தால் 4,300 வரும். நூறு கிலோமீட்டருக்கு 8 லிட்டர் குடிக்கிற, சுமை ஏற்றிய கார் என்றால் 340 லிட்டர் சொச்சம், லிட்டர் 1.70 யூரோ என்று வைத்தால் 600 யூரோவுக்குள். உங்கள் 22 ஊர்த் திட்டத்தில் இது இரண்டு மடங்குக்கு மேல் போயிருக்கும். லக்ஸம்பர்க்கில் எரிபொருள் மலிவு, கிளம்பும்போது டாங்க்கை நிரப்பிக்கொள்ளுங்கள். நெடுஞ்சாலை பங்க்கில் மட்டும் போடாதீர்கள். அடுத்த ஊருக்குள் இறங்கினால் விலை கண்ணுக்குத் தெரிந்து குறையும்.

லக்ஸம்பர்க்கை முதலில் வைத்ததற்குக் காரணம் உண்டு. முதல் இரண்டு நாள் குடும்பமே தடுமாறும். கேன் ஓப்பனரை வீட்டில் மறந்திருப்பீர்கள், ஒரு மெத்தையில் ஓட்டை இருக்கும். அதையெல்லாம் நிதானமாகச் சரிசெய்ய ஒரு சின்ன நாடு வசதி. 2020 மார்ச் 1 முதல் அங்கே பஸ், ட்ராம், ரயில் எல்லாமே இலவசம், வெளிநாட்டுக்காரருக்கும்தான். காரை நிறுத்திவிட்டு வியாண்டன் கோட்டைக்குப் பஸ்ஸில் போய்வரலாம். கருங்காட்டிலும் இதே மாதிரி, பல ஊர்களில் சுற்றுலா வரி கட்டியதும் கேம்ப்சைட்டிலேயே கோனஸ் என்கிற விருந்தினர் அட்டை தருவார்கள். அதைக் காட்டினால் அந்த வட்டாரப் பஸ்ஸும் ரயிலும் இலவசம். டிரோலில் தங்குமிடத்தைப் பொறுத்து கோடைக்கால அட்டையில் மலை ஏற்றும் கேபிள் காரே அடங்கியிருக்கும். அதனால் கேம்ப்சைட்டைத் தேர்ந்தெடுக்கும்போது ஓர் இரவு வாடகையை மட்டும் ஒப்பிடாமல், என்ன அட்டை தருகிறார்கள் என்று கேளுங்கள். இரவுக்கு 8 யூரோ கூடுதலாகக் கொடுத்து நான்கு பேருக்கு கேபிள் கார் மிச்சம் பிடிப்பது நல்ல வியாபாரம்.

இனி மாமியார் விஷயம். இதைத்தான் முதலில் முடிவு செய்ய வேண்டும், ஏனென்றால் பாதையும் தேதியும் இதைப் பொறுத்தது.

அவர் இந்தியப் பாஸ்போர்ட். ஷெங்கன் விசா, அதாவது இந்தப் பாதையில் உள்ள எல்லா நாடுகளுக்கும் சேர்த்த ஒரே விசா, வேண்டும். பிரிட்டனுக்குச் சுற்றுலா விசாவில் வந்தவர் லண்டனில் இருந்து ஷெங்கன் விண்ணப்பிக்க முடியும் என்று நம்பி இருக்காதீர்கள். சட்டப்படி வசிக்கிற நாட்டில் போடுவதுதான் விதி. திருச்சியில் இருக்கும்போதே போட்டு வாங்கிவிடட்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், கட்டணம் 90 யூரோ, 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். எந்த நாட்டுத் தூதரகத்தில் போடுவது என்பதில்தான் பலர் இடறுகிறார்கள். முதலில் நுழைகிற நாடு என்று நினைத்துப் பிரான்ஸில் போடுவார்கள். இல்லை, அதிக நாள் தங்குகிற நாடு. என் பாதை முழுவதும் அவர் வந்தால் ஜெர்மனியில் 16 இரவு வருகிறது, ஆகவே ஜெர்மன் விசா. நாட்கள் சமமாக வந்தால்தான் முதலில் நுழைகிற நாடு.

ஆனால் அவர் முழுவதும் வரவேண்டுமா என்று யோசியுங்கள். 41 இரவு டென்ட்டில் படுத்து, நடுராத்திரி டார்ச் அடித்துக்கொண்டு கழிப்பறைக் கட்டடத்துக்கு நடப்பது அறுபது தாண்டிய முழங்காலுக்குக் கொடுமை. மரியாதைக்காக "பரவாயில்லப்பா" என்றுதான் சொல்வார். கேட்காதீர்கள், நீங்களே முடிவு செய்யுங்கள். என் யோசனை: முதல் 16 நாள் அவர் லண்டனில் உறவினர் வீட்டில் இருக்கட்டும். பிறகு விமானத்தில் வெரோனா வரட்டும், கார்டா ஏரி அங்கிருந்து பக்கம்தான். சென்னையிலிருந்து லண்டனுக்குத் தனியாக வந்தவருக்கு வெரோனா ஒரு தூரமா? கார்டாவில் டென்ட்டை எடுக்கவே வேண்டாம். கேம்ப்சைட்டிலேயே கழிப்பறை, சமையலறை, கட்டிலோடு மரக் குடில்கள் கிடைக்கும். போஹிஞ், பெர்க்டெஸ்காடன் பக்கம் அவருக்கு மட்டும் ஓர் அறையோ சின்னக் குடிலோ எடுத்துவிட்டு, பிறகு முனிச்சில் விமானம் ஏற்றிவிடுங்கள். இப்படிச் செய்தால் அவருக்கு இத்தாலி 7, ஸ்லோவேனியா 6, ஜெர்மனி 5. அப்போது விசா இத்தாலியில் போட வேண்டும். பார்த்தீர்களா, பாதையைத் தொட்டதும் தூதரகமே மாறுகிறது. அதனால்தான் இதை முதலில் முடிவு செய்யச் சொன்னேன். உங்களுக்கும் எட்டு டென்ட் ஏழாகக் குறைந்துவிடும்.

உங்கள் நான்கு பேருக்கும் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் என்றால் விசா இல்லை. 180 நாளில் 90 நாள் என்கிற வரம்புக்குள் 41 நாள் சுலபமாக அடங்கும். ஆனால் பாஸ்போர்ட் வழங்கிய தேதியைப் பாருங்கள். உள்ளே நுழையும் நாளில் வழங்கிப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கக்கூடாது, வெளியே வரும் நாளுக்குப் பிறகு மூன்று மாதம் செல்லுபடியாக இருக்க வேண்டும். இரண்டும் தனித்தனி விதி. 2025 அக்டோபர் 12 முதல் முத்திரைக்குப் பதிலாகப் புகைப்படமும் கைரேகையும் எடுத்துப் பதிவு செய்யும் முறை தொடங்கியிருக்கிறது. 12 வயதுக்குக் குறைந்தவர்களுக்குக் கைரேகை கிடையாது, முகம் மட்டும். கப்பல் கிளம்பும் டோவரிலும் சுரங்க ரயில் கிளம்பும் ஃபோக்ஸ்டனிலும் பிரெஞ்சுக் காவலர்கள் இந்தப் பக்கமே சோதனை செய்துவிடுவார்கள் என்பதால் நெரிசல் முழுவதும் இங்கேயே நிற்கும். பள்ளி விட்ட முதல் சனிக்கிழமை மட்டும் கிளம்பாதீர்கள். செவ்வாய் அல்லது புதன், அதிகாலை. கப்பல் ஒன்றரை மணி நேரம், சுரங்க ரயில் 35 நிமிஷம். குழந்தைகளுக்குக் கப்பல்தான் கொண்டாட்டம்.

கிழமை விஷயம் வழி முழுவதும் பொருந்தும். ஜூலை, ஆகஸ்ட் சனிக்கிழமைகளில் மேற்கு ஐரோப்பா முழுக்க ஒரே நேரத்தில் சாலையில் இருக்கும். பிரான்ஸில் நெரிசல் நாட்களுக்குப் பச்சை, ஆரஞ்சு, சிவப்பு, கறுப்பு என்று நிறம் கொடுத்து முன்கூட்டியே வெளியிடுகிறார்கள். ஜூலைக்காரர்கள் திரும்ப, ஆகஸ்ட்காரர்கள் கிளம்ப, இரண்டும் மோதுகிற சனிக்கிழமைக்கு வழக்கமாகக் கறுப்புதான். பிரென்னர் வழியும் அப்படித்தான். அங்கே லூக் பாலத்தைப் புதிதாகக் கட்டுவதால் 2025 தொடங்கி பல நாள் ஒரு தடம்தான் திறந்திருக்கிறது. கார்டா குடில்கள் ஆகஸ்டில் சனி முதல் சனி வரைதான் என்று பிடிவாதம் பிடிப்பார்கள். அந்த ஒரு நாளுக்கு மட்டும் காலை நான்கரைக்கு எழுந்து, முந்தின இரவே மடித்து வைத்த சாமான்களோடு ஐந்துக்குள் கிளம்பிவிடுங்கள். பிள்ளைகள் போர்வையோடு காரில் தூங்குவார்கள்.

எதை முன்பதிவு செய்வது? கார்டா குடிலை ஜனவரியிலேயே. டிரோல், போஹிஞ், பெர்க்டெஸ்காடன் மூன்றையும் வசந்த காலத்துக்குள். லக்ஸம்பர்க்கும் மோசெலும் இரண்டு நாள் முன்னால் ஒரு போன் போட்டால் போதும். சில கேம்ப்சைட்டுகள் முன்பதிவே வாங்காது; அங்கெல்லாம் காலை பத்து, பதினொன்றுக்குப் போய் வாசலில் நின்றால் காலி செய்கிறவர்களின் இடம் கிடைக்கும். சாயங்காலம் ஆறு மணிக்குப் போனால் குப்பைத்தொட்டிக்குப் பக்கத்து இடம்தான் மிச்சம். ஜெர்மனியிலும் இத்தாலியிலும் இன்னொரு பொறி உண்டு: மதியம் ஒன்றிலிருந்து மூன்று வரை ஓய்வு நேரம், வாசல் தடுப்பு இறங்கிவிடும். கருங்காட்டில் ஒருமுறை ஒன்றேகாலுக்குப் போய்ச் சேர்ந்தோம். எங்கள் இடம் நூறடி தூரத்தில் கண்ணுக்குத் தெரிகிறது, உள்ளே போக முடியாது. தடுப்புக்கு வெளியே புல்தரையில் உட்கார்ந்து புளிசாதம் சாப்பிட்டு முடித்து, சின்னவன் ஒரு தூக்கமும் போட்டான். மூன்று அடித்ததும் தடுப்பு தானாக எழுந்தது.

வாடகை என்றால், நால்வர், ஒரு கார், மின்சாரத்தோடு ஆகஸ்டில் 40 முதல் 60 யூரோ என்று கணக்கு வையுங்கள். ஏரிக்கரையை ஒட்டினால் இன்னும் மேலே போகும். இதற்கு மேல் தலைக்கு ஓரிரண்டு யூரோ சுற்றுலா வரி. சும்மா கிடைக்கிற காட்டோரத்தில் அடித்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். சுவீடன், நார்வேயில் அந்த உரிமை உண்டு. இந்தப் பாதையில் அப்படி நினைத்தால் அபராதம்தான் மிஞ்சும்.

கார் விஷயங்கள். சுவிட்சர்லாந்தை என் பாதையில் வேண்டுமென்றே விட்டிருக்கிறேன், விலை ஒரு பக்கம், நெடுஞ்சாலை வில்லை (சாலைக் கட்டணம் கட்டியதற்கான அடையாளம்) இன்னொரு பக்கம். அங்கே ஒரு நாள் வில்லை கிடையாது, அரை மணி நேரம் ஓட்டினாலும் வருஷ வில்லை 40 ஃபிராங்க். ஃப்ரைபர்க்கிலிருந்து டிரோலுக்குப் போகும்போது வழிகாட்டிச் செயலி குறுக்கே சுவிட்சர்லாந்துக்குள் நைஸாக இழுத்துவிடும், கவனம். ஆஸ்திரியாவுக்கு பத்து நாள் வில்லை ஒன்று, பிறகு ஸ்லோவேனியாவிலிருந்து பவேரியாவுக்குக் கடக்கிற நாளுக்கு ஒரு நாள் வில்லை ஒன்று. அந்த வழியில் வருகிற கராவாங்கன், டாவர்ன் சுரங்கங்களுக்கும், முன்பு சொன்ன பிரென்னர் சாலைக்கும் தனிச் சுங்கம் உண்டு, வில்லையில் சேராது. ஸ்லோவேனியாவில் ஏழு நாள் வில்லை. ஆறு இரவு வைத்ததற்கு அதுவும் ஒரு காரணம்! ஜெர்மன் நெடுஞ்சாலை காருக்கு இலவசம், ஆனால் பல நகரங்களுக்குள் நுழையப் பச்சை ஸ்டிக்கர் வேண்டும். இத்தாலியப் பழைய ஊர்களுக்குள் கேமரா வைத்த தடைப் பகுதிகள் இருக்கின்றன. தெரியாமல் நுழைந்தால் மாதங்கள் கழித்து வீட்டுக்குக் கடிதம் வரும்.

உங்கள் பெண்ணின் உயரத்தை அளந்துகொள்ளுங்கள். பிரிட்டனில் 135 சென்டிமீட்டர் தாண்டினால் குழந்தை இருக்கை வேண்டாம். ஜெர்மனியில் 12 வயதுக்குள் இருந்து 150 சென்டிமீட்டருக்கும் குறைவாக இருந்தால் வேண்டும். அவள் கோபித்துக்கொள்வாள், இருந்தாலும் அந்த பூஸ்டர் இருக்கையைப் பரணிலிருந்து இறக்குங்கள். இன்னொன்று, ஜெர்மனி, ஆஸ்திரியா நெடுஞ்சாலையில் வண்டிகள் மெதுவாகத் தொடங்கியதுமே இடத் தடத்தில் இருப்பவர்கள் இன்னும் இடப்பக்கம், மற்றவர்கள் வலப்பக்கம் ஒதுங்கி நடுவில் ஆம்புலன்ஸுக்கு வழி விட வேண்டும். நின்ற பிறகு இல்லை, நிற்கும் முன்பே. செய்யாவிட்டால் பெரிய அபராதம்.

பின்பக்கம் யூகே ஸ்டிக்கர், ஒளிரும் மேலங்கி ஆளுக்கு ஒன்று (டிக்கியில் வேண்டாம், கை எட்டும் இடத்தில்), முக்கோணம், முகப்பு விளக்குக்கு ஒட்டும் வில்லை, வண்டிப் பதிவுச் சான்று அசல்: இவை சின்ன விஷயம், ஒரே மாலையில் முடியும்.

சாப்பாடு. நம்மவர்களுக்கு இதில்தான் பயணம் நிற்கும் அல்லது விழும். பிரிட்டனிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இறைச்சியும் பால் பொருளும் கொண்டுபோகக் கூடாது. நெய், பால்பவுடர், தயிர், பனீர் எல்லாமே இதில் வரும். 2021 ஜனவரியில் டச்சு அதிகாரிகள் லாரி ஓட்டுநரின் ஹாம் சாண்ட்விச்சைக்கூட வாங்கிக்கொண்டது செய்தியானது நினைவிருக்கலாம். பச்சைக் காய், கீரை, கறிவேப்பிலைக்கும் சான்றிதழ் கேட்பார்கள், விட்டுவிடுங்கள். விலக்கு பெற்ற சின்னப் பட்டியலில் தேங்காயும் வாழைப்பழமும் இருக்கின்றன. யார் அந்தப் பட்டியல் போட்டாரோ நம்ம ஊர்க்காரராகத்தான் இருக்க வேண்டும்.

அரிசி, பருப்பு, மசாலா, அவல், ரவை, அப்பளம் தடையில்லை. வீட்டில் செய்துகொண்டு போக வேண்டியது ஒன்றே ஒன்று: புளிக்காய்ச்சல், நல்லெண்ணெயில், இரண்டு பாட்டில். டென்ட் அடிக்கிற நாளில் சோறு மட்டும் வடித்தால் இரவுச் சாப்பாடு முடிந்தது. ஜெர்மனியில் எந்த சூப்பர் மார்க்கெட்டிலும் கிடைக்கிற 3.5 சதவீதத் தயிரில் தயிர்சாதம் அருமையாக வரும். துருக்கிக் கடை கண்ணில் பட்டால் பத்து சதவீதத் தயிர் வாங்குங்கள், அது எருமைத் தயிர் மாதிரி நிற்கும். இட்லி மாவு கொண்டு போகலாமா என்று உங்கள் மனைவி கேட்டிருந்தார். கோடையில் காரின் டிக்கி புளிக்க வைப்பதற்கென்றே செய்த அறை. எங்கள் மாவு லக்ஸம்பர்க் போய்ச்சேரும் முன்பே மூடியைத் தள்ளிவிட்டு, போர்வையில் இறங்கி, ஆறு வாரமும் எங்களோடு வந்தது.

சின்ன குக்கர் ஒன்று கட்டாயம், கேஸ் பாதி மிச்சம். முதல் விசிலுக்குப் பக்கத்து டென்ட் டச்சுக் குடும்பம் ஓடிவரும், மூன்றாவது விசிலுக்குப் பழகிவிடும், நான்காம் நாள் கிண்ணத்தோடு வரும். கேஸ் உருளைக்கு காம்பிங்காஸின் நீல உருளை வாங்குங்கள். இங்கே வழக்கமாக வாங்குகிற உருளையை அந்தப் பக்கம் மாற்றித்தர மாட்டார்கள். 2.75 கிலோ உருளை எங்களுக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் வரும்.

மின்சாரத்தில் ஒரு கணக்கு தெரிந்திருக்க வேண்டும். பல கேம்ப்சைட்டில் ஒரு இடத்துக்கு 6 ஆம்பியர்தான். 6 பெருக்கல் 230, அதாவது 1,380 வாட். வீட்டில் இருக்கிற 3,000 வாட் கெட்டிலைச் செருகினால் "டக்" என்று ஃப்யூஸ் போகும், பெட்டிக்குப் பூட்டு இருந்தால் அலுவலகத்தில் ஆள் வரும்வரை பக்கத்து இடத்துக்காரரின் ஃப்ரிட்ஜும் நிற்கும். எனக்கு அந்த அனுபவம் காலை ஆறே முக்காலுக்கு வாய்த்தது. எட்டு மணி வரை பக்கத்து டென்ட் பக்கம் நிமிர்ந்து பார்க்காமல் இருந்தேன். 900 வாட் கெட்டிலும், 500 வாட் ரைஸ் குக்கரும் போதும், ஆனால் இரண்டையும் ஒரே நேரத்தில் வேண்டாம். நீலநிற மூன்று முள் இணைப்புள்ள 25 மீட்டர் கேபிள் வாங்குங்கள். உருளையில் சுற்றியபடியே பயன்படுத்தினால் சூடேறி உருகிவிடும், பத்தடிதான் தேவை என்றாலும் முழுவதும் அவிழ்த்துவிடுங்கள்.

ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் ஞாயிறு கடை கிடையாது. சனிக்கிழமையே பால், ரொட்டி வாங்கிவிட வேண்டும். ஆகஸ்ட் 15 நம் ஊரில் மட்டுமில்லை, இத்தாலி, ஆஸ்திரியா, ஸ்லோவேனியா, பவேரியாவின் கத்தோலிக்க ஊர்கள் என எல்லா இடத்திலும் விடுமுறை; இத்தாலியில் ஃபெரகோஸ்டோ என்று பெயர், அந்த வாரம் கார்டா கரையில் துண்டு விரிக்க இடம் இருக்காது. உங்கள் தேதிகளை என் பாதையில் வைத்துப் பார்த்தால் 15-ஆம் தேதி சரியாக கார்டாவில்தான் விழுகிறது. நகர்த்த முடியாது என்றால் அன்று காலை ஏழுக்கே ஏரியில் குளித்துவிட்டுக் குடிலுக்குள் வந்துவிடுங்கள். அங்கே கேம்ப்சைட் நீச்சல் குளத்தில் தலைக்குத் தொப்பி கேட்பார்கள், மாமியாருக்கும் ஒன்று வாங்கிவையுங்கள்.

காற்றும் மழையும். ஆல்ப்ஸ் பக்கம் கோடை இடி சாயங்காலம் வரும், வேகமாக வரும். கார்டாவில் காலையில் வடக்கிலிருந்து பேலர், மதியத்துக்கு மேல் தெற்கிலிருந்து ஓரா என்று தினமும் மணி அடித்தாற்போல் காற்று மாறும், படகுக்காரர்கள் அதை வைத்தே பிழைக்கிறார்கள். அந்த ஒழுங்கு திடீரென்று நின்று, இலை அசையாமல் போனால் உஷார். ஒருநாள் வானம் எங்கள் பக்கம் நீலமாக இருக்கும்போதே எதிர் டென்ட் கிழவர் முன்பந்தலைச் சுருட்டினார், பிறகு அவர் பக்கத்து வீட்டார், பிறகு வரிசையாக எல்லோரும். நான் அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தேன். இருபது நிமிஷத்தில் கல்மழை. அப்பளமும் போச்சு, முன்பந்தலின் ஒரு கம்பியும் போச்சு. அதிலிருந்து பாடம்: பழகிய கிழவர்கள் சுருட்டினால் நீங்களும் சுருட்டுங்கள், காரணம் கேட்க வேண்டாம். டென்ட்டோடு தருகிற மெல்லிய முளைகள் ஆல்ப்ஸ் சரளைக்கல்லில் வளையும். தடித்த எஃகு முளை இருபதும் நல்ல சுத்தியலும் தனியாக வாங்குங்கள். புயல் கயிறுகளை முதல் நாளே கட்டிவிடுங்கள். நிஜமாகவே பலமாக அடித்தால் டென்ட்டைக் காப்பாற்ற நிற்காமல் எல்லோரும் காருக்குள், அல்லது குளியலறைக் கட்டடத்துக்குள். மரத்தடி வேண்டாம், 2022 ஆகஸ்ட் 18 அன்று கோர்சிகாவில் அடித்த புயலில் கேம்ப்சைட்டில் இருந்தவர்களும் இறந்தார்கள்.

காட்டு உண்ணி பற்றியும் ஒரு வார்த்தை. தென் ஜெர்மனி, ஆஸ்திரியா, ஸ்லோவேனியாவில் உண்ணி கடித்தால் மூளைக்காய்ச்சல் வர வாய்ப்புள்ள வட்டாரங்கள் இருக்கின்றன. தடுப்பூசி உண்டு, முதல் இரண்டு ஊசிக்கு இடையே இடைவெளி வேண்டும் என்பதால் ஏப்ரலிலேயே மருந்தகத்தில் கேளுங்கள். தினமும் இரவு பிள்ளைகளின் அக்குள், முழங்கால் மடிப்பு, காதுக்குப் பின்னால் பார்த்துவிட்டுத் தூங்க வையுங்கள், உண்ணியைப் பிடுங்கும் சின்னக் கொக்கி ஒன்று பர்ஸிலேயே இருக்கட்டும். அவசர எண் எல்லா நாட்டிலும் 112.

பிள்ளைகளுக்கு என்ன செய்வது என்று அதிகம் யோசித்திருக்கிறீர்கள். ஒரு பந்தும் ஒரு ஊனோ சீட்டுக்கட்டும் போதும், மொழி வேண்டாம். பெர்க்டெஸ்காடனில் 1517-இல் தொடங்கிய உப்புச் சுரங்கத்துக்குள் மரச் சறுக்கில் உட்கார்ந்து வழுக்கிக்கொண்டே இறங்கலாம், அதைப் பையன் வருஷக்கணக்கில் பேசுவான். பக்கத்தில் கோனிக்ஸே ஏரியில் 1909 முதல் மின்சாரப் படகுகள்தான், சத்தமே கிடையாது. நடு ஏரியில் நிறுத்தி, படகோட்டி ஊதுகொம்பு ஊதி மலையிலிருந்து எதிரொலி வரவைப்பார். மாமியாருக்கும் அது பிடிக்கும், நடக்க வேண்டியதில்லையே. ஓட்ஸ்டாலில் 159 மீட்டர் உயர ஸ்டூயிபன் அருவி, போஹிஞ்சில் குளிர்ந்த தெளிந்த தண்ணீர். தினம் ஒன்றுக்கு மேல் வைக்காதீர்கள். மூன்று நாளுக்கு ஒரு நாள் எதுவும் இல்லாத நாள்: துணி துவைக்க, கொடி கட்ட, தூங்க.

கடைசியாக, புது டென்ட்டை டிரோலில் முதல்முறை பிரிக்காதீர்கள். ஜூனில் மழை என்று வானிலை சொல்கிற ஒரு சனிக்கிழமையாகப் பார்த்து, கென்ட்டிலோ சஸெக்ஸிலோ ஓர் இரவு அடித்துப் பாருங்கள். நல்ல வெயில் வார இறுதியில் சோதித்தால் எந்தத் தையல் ஒழுகும் என்று தெரியாது. டிக்கியில் எல்லாம் அடங்குகிறதா என்றும் அன்றைக்கே தெரிந்துவிடும். எங்களுக்கு முதல்முறை அடங்கவில்லை. கூரைப்பெட்டி வாங்கினோம், அதற்கும் எடை வரம்பு உண்டு, வண்டிப் புத்தகத்தில் பாருங்கள். குக்கரைக் கூரையில் வைக்கலாம். மாமியாரின் பெட்டி மட்டும் விமானத்தில் வரட்டும்.